ஆழ்வாப்பிள்ளையின் வளரும் காணி

வேலணையில் எங்கள் வேலிக்கு அடுத்த வீடு ஆழ்வாப்பிள்ளை அண்ணையுடையது. காணி எவ்வளவு என்று யாராவது கேட்டால், சால்வையை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒவ்வோர் உதறலுக்கும் காணி கொஞ்சம் வளரும். எண்பத்து மூன்றில் ஆறு பரப்பாக இருந்தது, எண்பத்தைந்தில் பத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் வேறெந்தப் பயிரும் இப்படி வளர்ந்து நான் காணவில்லை.

அந்த வருடம் அவருடைய மகள் இராசேஸ்வரி பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். படிப்பு இலவசம் என்றார்கள். அறை வாடகையும் சாப்பாடும் புத்தகமும் படிப்பில் சேராதவை போலும். அவற்றின் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பட்டணத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தால், இந்தச் சண்டைக்குள், என்றைக்குப் பஸ் ஓடும் என்று தெரியாததால், வீட்டிலிருந்து போய்வரவும் வழியில்லை. உதவிப்பணம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் குசினி அடுப்பு. முந்தின வருடம் வருமானத்தை மட்டும் கேட்ட விண்ணப்பத்தாள், இந்த வருடம் காணியையும் கேட்டது. ஐந்து பரப்புக்கு மேலிருந்தால் பணக்காரராம். அதில் பனையைத் தவிர எதுவும் முளைக்காது என்று எழுத இடம் விடவில்லை.

ஊர் அதிகாரியான விதானையார் ஐயாத்துரை விண்ணப்பத்தாளில் கையெழுத்து வைக்க வந்த நேரம் பார்த்து, காரைநகரிலிருந்து ஏரம்பர் என்பவரும் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார். வடை கொடுக்கப் போன நான் குசினி வாசலில் நின்றுவிட்டேன்.

“காணி எவ்வளவு எண்டு போடுறது, அண்ணை?” என்றார் விதானையார்.

சால்வை உதறப்பட்டது. “அது கிடக்கு, ஒரு பன்ரண்டு...”

ஏரம்பர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“பன்ரண்டெண்டால் பிள்ளைக்குக் காசு வராது. யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றார் விதானையார்.

அண்ணை யோசித்தார். ஏரம்பரின் முகத்தைப் பார்த்தார். கை மறுபடி சால்வைக்குப் போனது.

“நாலு,” என்றாள் இராசேஸ்வரி, என் பக்கத்தில் நின்றபடி. “உறுதிப் பத்திரத்திலை நாலு பரப்புத்தான். அதிலை மூண்டு வெறுங் கல்லு.”

“நீ உள்ளுக்குப் போ, பிள்ளை,” என்றார் அண்ணை.

“ஓம் ஐயா, போறன். உறுதி அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்.”

விதானையார் நாலு என்று எழுதினார். “போன கிழமை எனக்குப் பதினொண்டு எண்டெல்லோ சொன்னனீங்கள், அண்ணை. மிச்சத்தைக் கடல் கொண்டுபோட்டுதோ?”

ஏரம்பர் மரியாதை தெரிந்தவர். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அந்த நேரத்தில் பஸ் எதுவும் இல்லை.

உதவிப்பணம் கிடைத்தது. கிடைத்த கையோடு விதியும் மாறியது: புள்ளி கூடியவர்களுக்கு முழுப்பணம், மற்றவர்களுக்குப் பாதி.

இது எண்பத்தாறாம் ஆண்டு. இராசேஸ்வரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். பாதிப்பணம் அறை வாடகைக்குக் காணும். சாப்பாட்டுக்காகப் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். காரைநகரிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை. காணி நாலு பரப்பு.