காதல் பாட்டுக்கு எழுந்து நின்ற கூட்டம்

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட எழுத்தராக இருந்த தேவமணிக்கு ஒரு தீராத எரிச்சல். நாலு குரல் சேர்ந்து பாடினாலே அது சர்ச் பாட்டு என்று எவன் சொன்னான்? சர்ச் பாடகர் குழுவில் பதினைந்து வருஷம் பாடியவர், அங்கிருந்து மூன்று குரல்களையும், டவுனிலிருந்து கச்சேரி வயலின்காரர் சிவசைலத்தையும் அவர் கூட்டாளிகள் இருவரையும் இழுத்துவந்து ஒரு பாப் குழு கட்டினார். தொண்ணூற்றாறில் அது துணிச்சல்தான். சுரத்தை நெளிக்கிற கமகம் வேண்டாம் என்று சிவசைலத்திடம் மன்றாடியே தலைமுடி பாதி போயிற்று.

சாவதற்குள் ஒரு கேசட் வெளிவர வேண்டும், வேறு ஆசையில்லை. மதுரை கேசட் கம்பெனிக்காரர் பிச்சைக்கண்ணு, இவர்கள் பாடவிருந்த, சர்ச் சபைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு டேப்ரிக்கார்டரோடு வந்தார். கூட்டம் கேட்டால்தான் கேசட் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

முதல் பாட்டு, பஸ் ஸ்டாண்டில் பிச்சிப்பூ வைத்து நின்ற பெண்ணைப் பற்றியது. நாலு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. மண்டபமே எழுந்து நின்றது. செருப்பைக் கழற்றினார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடினார்கள். கைதட்டலுக்குக் காத்திருந்த தேவமணிக்கு "ஆமென்" கிடைத்தது.

அவர் மைக்கைப் பிடுங்கினார். "எதுக்கு எந்திரிச்சு நிக்கிய? உக்காருங்க! இது ஜெபம் இல்ல, காதல் பாட்டு!"

கூட்டம் அசடு வழிய உட்கார்ந்தது. அடுத்த பாட்டில் பாதிப் பேர் ஊர்க்கதை பேசினார்கள், மீதிப் பேர் பிரியாணிக்குப் போனார்கள். பிச்சைக்கண்ணு டேப்ரிக்கார்டரை நிறுத்தினார்.

"மொதப் பாட்ட ஒரு ஆளும் அசையாமக் கேட்டாங்கண்ணே. இப்ப யாரு கேக்குறா?"

சிவசைலம் வில்லைத் தாழ்த்தினார். "கோவத்த விடும்வே. நிக்கட்டுமே. எங்க கச்சேரியில தனி ஆவர்த்தனம்னா எல்லாவனும் காப்பி குடிக்கப் போயிருவான்."

தேவமணி பல்லைக் கடித்தார். எதைவிட்டு ஓடிவந்தாரோ அதன் காலிலேயே விழ வேண்டியிருந்தது. பிறகு சர்ச் பாதிரி ஐயர் குரலில், மைக்கில் இழுத்துச் சொன்னார்: "நாம் யாவரும் எழுந்து நிற்போமாக."

பந்தியிலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்கள். பிச்சைக்கண்ணு பொத்தானை அமுக்கினார். குனிந்த தலைகளுக்கு முன்னால் பிச்சிப்பூக்காரியை மறுபடி பாடினார் தேவமணி. முடிவில் எல்லோரும் "ஆமென்" என்றபோது, பழக்க தோஷம், அவர் வாயும் சொல்லித் தொலைத்தது.

கேசட் வந்தது. அந்த ஆமென்னை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது.