சீட்டில் போட்ட சிலுவை

வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், சட்டியோ துணியோ, தெருமுனைக் கெபியில் மாதா சிலைமுன் எரியும் விளக்கின் கரியெண்ணெயைத் தொட்டு அதன்மேல் ஒரு சிலுவை போடுவாள் அம்மா. ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். அரசாங்க லாட்டரிச் சீட்டுக்கும் போட்டாள்.

அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார். இருமினால் சளி கறுப்பாக வரும். பரிசு விழுந்தால் கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடை போட்டு அவரை உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்கு வேறு ஆசை கிடையாது. பரிசும் விழுந்தது. பேப்பரில் எண்ணைப் பார்த்துச் சொன்னதே நான்தான். மறுநாள் நான் திருவொற்றியூரில் தொழிற்சாலைக்கும் அப்பா கரிக்கப்பலுக்கும் போனபிறகு, இருப்புக்கொள்ளாமல் அம்மா தனியாகவே சீட்டு விற்ற ஏஜெண்டிடம் போய்விட்டாள்.

"இன்னாம்மா இது, கவர்மெண்டு சீட்டுல எண்ணெயத் தடவி வெச்சிகீறே? இது செல்லாது. ஆபீசுக்கு எத்தினு போனா கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவான். குட்த்துட்டுப் போ, நானே கிழிச்சிப் போட்டுட்றேன்" என்றானாம்.

போலீஸ் என்றாலே நடுங்குகிறவள், கொடுத்துவிட்டாள். அவள் எதிரிலேயே எதையோ கிழித்துக் கூடையில் போட்டிருக்கிறான், படுபாவி.

கொஞ்ச நாளில் அவன் கடையில் ஒரு பெரிய படம் தொங்கியது. அவனுடைய மச்சான் கையில் பரிசுச் சீட்டு, பக்கத்தில் பல்லிளித்தபடி ஓர் அதிகாரி. சீட்டின் மேல் கறுப்பாக, வலப்பக்கம் சாய்ந்த ஒரு சிலுவை. அம்மா போடும் சிலுவை எப்போதும் சாய்ந்துதான் இருக்கும்.

அப்பாவை இழுத்துக்கொண்டு லாட்டரி ஆபீசுக்குப் போனேன். புகார் கேட்க உட்கார்ந்திருந்தது படத்திலிருந்த அதே அதிகாரி.

"அந்தச் சிலுவ என் பொஞ்சாதி போட்டது சார்" என்றார் அப்பா.

"சீட்டு இருந்தா காட்டு. இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு" என்றான். மக்கள் பணத்தில் சம்பளம் வாங்குகிற நாய். இன்றைக்கும் அவனை வேறு வார்த்தையால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அது செல்லுகிற சீட்டுதான், திருடிவிட்டான் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னோம். அவள் ஏற்கவில்லை.

"நான் அத்தப் போடாங்காட்டி அவன் இன்னா சொல்லி வாங்கியிருப்பான்? என் கைதான் கெட்த்துச்சு" என்பாள்.

அப்பா கடைசிவரை கரிதான் இறக்கினார். அவரைப் பெட்டியில் வைத்து மூடும்முன், நெற்றியில் சிலுவை போடும்படி அம்மாவிடம் எண்ணெயை நீட்டினார்கள். அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.