தேன்மொழி போட்ட ஐந்தாவது கியர்

என் தங்கை தேன்மொழிக்குப் பேச்சு குறைவு, ஹாரன் அதிகம். சோளக்காட்டில் அவள் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் பிக்கப் வண்டியின் ஹாரன் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பெரக்கரை நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் ஊர் ஊராகப் போய் மிளகு, மரவள்ளி, வாழைத்தார், பலாப்பழம் என்று ஏற்றி வந்து சோளக்காட்டுச் சந்தையில் இறக்குவாள். அடிவாரத்துக்குப் போகிற சரக்கு அதற்கப்புறம் லாரிக்காரர்கள் பாடு. பிக்கப்பை எஃப்.சி. காட்ட நாமக்கல் கொண்டுபோவதுகூட அவள் புருஷன் இளங்கோதான்.

ஆக, இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவள் மலையை விட்டு இறங்கி ஓட்டியதில்லை. எங்கள் மலையில் ஏறினாலும் இரண்டாவது கியர், இறங்கினாலும் இரண்டாவது கியர். கொஞ்சம் நேர் ரோடு கண்ணில் பட்டால் மூன்றாவது போடுவோம், அதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். ஐந்தாவது என்று ஒன்று இருப்பது கியர்க் குண்டின் தலையில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை இளங்கோ கோயம்புத்தூரில் ரேஸ் கார்களுக்குச் சாமான் செய்யும் கடைசல் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். மலைக்குத் திரும்பி வெல்டிங் கடை போட்ட பிறகும் அந்தப் பித்து அவரை விடவில்லை. யாரோ ஆசையாக வாங்கி, பாதியில் அலுத்துப்போய்க் கைவிட்ட ஒரு காரை மூட்டை மூட்டையாக வாங்கி வந்தார். குழாய்களைப் பற்றவைத்த கூடு ஒன்று, சின்னச் சக்கரம் நாலு, பின்னால் வைக்க ஒரு பழைய காரின் எஞ்சின். எல்லாவற்றையும் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டலாம், ரோட்டில் ஏற்றக் கூடாது.

பூட்டி முடித்ததும் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை. கதவு இல்லை. ஒரு பலாப்பழம் வைக்க இடமில்லை.

"இத வெச்சு என்ன மாப்ள பண்ணப் போறீங்க?" என்றேன்.

"உங்க தங்கச்சி ஓட்டறதுக்குங்க மச்சான்," என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவை அஞ்சாவது போட்டுப் பாக்கோணுங்கண்ணா," என்றாள். "அது எங்காருலயே இருக்கட்டும்னு இருக்கறேன்."

அவ்வளவுதான் அவள் ஆசை. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. ஐந்தாவது கியர் கேட்டாள்.

காரில் ஒரே குறை, கியர் போடும் தடி. வளைந்த கம்பியும் ரப்பருமாக ஏதோ கொடுத்திருந்தார்கள். கஞ்சிப் பானைக்குள் அகப்பையை விட்டுத் துழாவுவது போலத்தான் இருக்கும். எந்தக் கியர் விழுந்தது என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் தெரியவரும். மாப்பிள்ளை கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டுப் புதிது ஒன்று வரவழைத்தார். சாண் உயரத் தடி, அடியில் பேரிங், பின்னால் கியர் பெட்டி வரைக்கும் போக இரண்டு கேபிள். ஒரு கேபிள் முன்னும் பின்னும் தள்ளும், இன்னொன்று இடமும் வலமும் தள்ளும். மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழும்.

அதைப் பூட்டுவதைப் பார்க்கவே தனிச் சந்தோஷம். மாப்பிள்ளை தரைத் தகட்டை வெட்டினார். அவள் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, சைலன்ஸர் சூடு படாமல் கேபிளை வளைத்து வளைத்துக் கொண்டுபோய்ப் பின்னால் மாட்டினாள். நட்டு முடுக்கி, நிற்கிற காரிலேயே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் விழுந்தது. பிறகு எங்கள் தோட்டத்துக்குள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே போகிற மண் தடத்தில் ஓட்டினாள். அந்தத் தடத்தில் வளைவுக்குப் பஞ்சமில்லை.

திரும்பி வந்தவள், "ரெண்டாவது கொஞ்சம் இடிக்குதுங்க," என்றாள்.

"புதுசு. ஓட ஓடச் சரியாப் போயிரும்," என்றார் மாப்பிள்ளை.

அவள் சரியாகப் போகும்வரை காத்திருக்கிற ஆளா? அவர் கடைக்குப் போன பிறகு, இடமும் வலமும் தள்ளும் கேபிளின் நட்டை ஒரு அரைச் சுற்று திருப்பினாள். இரண்டாவது வெண்ணெயாக விழுந்தது. சொந்தச் சாமர்த்தியத்தில் மகிழ்ந்துபோய் இன்னொரு அரைச் சுற்று திருப்பினாள். மாப்பிள்ளை வந்து போட்டுப் பார்த்து, நான் சொல்லவில்லையா, சரியாகிவிட்டது பார் என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

சேதி பரவி, சோளக்காட்டு டிரைவர்களெல்லாம் எங்கள் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஜீப்காரர் வந்தார், லாரிக்காரர் வந்தார், மினி பஸ் ஓட்டும் ராசாமணி அண்ணன் சீருடையோடு வந்தார். ஒவ்வொருவராகக் குழி மாதிரி இருந்த அந்த சீட்டுக்குள் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது, மறுபடி இரண்டாவது என்று போட்டுப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். "இந்த மாதிரி ஒரு ரெண்டாவது என் சர்வீஸ்ல பாத்ததில்லீங்க," என்றார் ராசாமணி அண்ணன். ரிவர்ஸ் தேவைப்பட்டால் இரண்டு பேர் பின்னால் பிடித்துத் தூக்கிக் காரைத் திருப்பி வைத்தோம். அத்தனை டிரைவர்களில் ஒருவராவது வலது பக்கம் தள்ளி ஐந்தாவதைப் போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் மலையில் யாருக்குத்தான் அது தோன்றும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு டிராக்கில், பணம் கட்டினால் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. காரைப் பிக்கப்பில் ஏற்றினோம், வால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வளைவெல்லாம் அவள் ஓட்டினாள். சமவெளி வந்ததும் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிக்கப்பில் ஐந்தாவது போட்டுத் தன் விரதத்தைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

டிராக்கில் வளைவுகளை அவள் எடுத்த அழகைப் பார்த்து, வேலியோரம் நின்றவர்கள் யார் இந்தம்மா என்று கேட்டார்கள். என் தங்கைதான் என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். கடைசி வளைவு முடிந்ததும் நீளமான நேர் ரோடு. மூன்றாவது, நாலாவது, அப்புறம் கை வலப்பக்கம் போனது. எஞ்சின் குய்யோ முறையோ என்று கத்தியது. அடுத்த சுற்றிலும் அதே கத்தல். அதற்கடுத்த சுற்றில் அவள் முயலவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டாள்.

"அஞ்சாவது உளுகலீங்க. மூணாவதுக்கே போகுது," என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கியர் பெட்டிக்குள் ஏதோ உடைந்திருக்கிறது, இங்கே பிரிக்க முடியாது, ஏற்றிக்கொண்டு ஊர் போகலாம் என்றார். மாலை முறை வீண்தான். இன்னொரு நாள் வரலாம் என்று நான் சொன்னேன். மிளகு சீசன் தொடங்கினால் அவளுக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது என்று தெரிந்தும் சொன்னேன்.

அவள் கார்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கயிற்றை எடுத்துக் கட்டலாம் என்று நான் போனபோது தடியைப் பிடித்து வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ரிவர்ஸும் உளுகல பாருங்க."

"அது வேறயா?"

"ரெண்டும் ஒரே பக்கந்தானுங்களே. ரெண்டும் உளுகலீன்னா பொட்டி உடையல. தடி அந்தப் பக்கம் எட்டல." தடியை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், "ஏனுங்க, அந்த நட்ட நாந்தான் திருப்புனேன். ரெண்டாவதுக்கோசரம். இடப்பக்கம் கூட்டுனதுல வலப்பக்கம் கொறஞ்சு போச்சு."

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "சோளக்காடே வந்து போட்டுப் பாத்துச்சே மச்சான்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேன். அவள் எங்களைச் சட்டை செய்யாமல் ஸ்பானரோடு அடியில் போய்ப் படுத்தாள். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. என் துண்டைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு நட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். துண்டு பாழ். ஐந்தாவது விழுந்தது, ரிவர்ஸ் விழுந்தது. இரண்டாவது மறுபடி லேசாக இடித்தது.

மாலை முறை வந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றில் நாலாவதோடு நிறுத்திக்கொண்டாள், பயந்திருப்பாள். இரண்டாவது சுற்றில் அந்த நேர் ரோட்டுக்குள் வந்தபோது நான் கண்ணை மூடிக் காதை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாவது. நாலாவது. டக். கத்தல் வரவில்லை. சத்தம் அப்படியே தணிந்து ஒரு முனகலாகி எங்களைக் கடந்து போனது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கத் துண்டும் இல்லை.

நேரம் முடிந்து கொடி காட்டும்வரை ஓட்டிவிட்டுத்தான் வந்தாள். தலைமுடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிக் கண்ணு இருந்துச்சு அஞ்சாவது?" என்று கேட்டேன். வேகத்தைப் பற்றிச் சொல்வாள், காற்றைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கைக்கு வேலையே இல்லீங்கண்ணா," என்றாள். "அதுக்கு மேல போடறதுக்கு ஒண்ணுமில்ல, கொறைக்கறதுக்கும் வளைவு இல்ல. இந்தக் கைய என்ன பண்றதுன்னே தெரியல. மடில வெச்சுக்கிட்டேன்."

ரேஸ் டிராக்கில் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு கார் ஓட்டிய ஒரே ஆள் என் தங்கையாகத்தான் இருப்பாள். மாப்பிள்ளை இன்னொரு முறை சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரக்கரைக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே இருபது வருஷமாகக் கியர்க் குண்டை விட்டு இறங்காத கை அது. இப்போதும் அவள் மடியில்தான் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.