மைனே பிரித்த கூடாரம்

மைனே வனூய்தோ பிறந்தது 1966 ஏப்ரல் 22, ருஷ்யாவின் வடகோடியில், யமால் தூந்திராப் பனிவெளியில், போய்க்கொண்டிருந்த சறுக்குவண்டியில். ஊர் மன்றத்துப் பதிவேட்டில் அதை எழுதியவன் நான். ஏழு வயதில் விடுதிப் பள்ளி. பதினெட்டில் மான் மேய்க்கும் மக்சிமுக்கு மனைவி. 2000 ஜூன் 18 அன்று ஏரியில் ஞானஸ்நானம் பெற்றாள். அதற்குப் பிறகு, மான் அறுத்ததும் எங்கள் நெனெத்ஸ் இனத்தார் எல்லோரும் கோப்பையில் மொண்டு குடிக்கும் சூடான இரத்தத்தை அவள் தொடவில்லை. மக்சிமின் அண்ணன் ப்ரோகோபி, மான்களோடு இடம்பெயரும் அவர்கள் முகாமின் தலைவன். வசந்தத்தில் வடக்கே போகும்போது அவள் குடும்பத்தைக் கழற்றிவிட, அவள் நெனெத்ஸ் இல்லை என்று காட்டும் ஒரு காகிதம் தேடிக்கொண்டிருந்தான்.

2002 அக்டோபர் 13, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களோடு அந்த முகாமுக்குப் போனேன். மைனஸ் பதினேழு, நல்ல காற்று. மைனேயின் கூடாரத்தில் ப்ரோகோபி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இனம் என்ற கட்டம் வந்ததும் முந்திக்கொண்டான்.

“ருஷ்யக்காரின்னு எழுதுங்க பெரியவரே. ருஷ்யச் சாமி, ருஷ்யப் பாட்டு. ரத்தம் குடிக்காதவ நெனெத்ஸா?”

“நம்ம பாஷைல கூப்பிட்டாலும் அந்தச் சாமி கேக்குது மச்சான்,” என்றாள் மைனே.

“அவங்கவங்க வாயால சொல்றதத்தான் எழுதணும், அதுதான் விதி,” என்றேன்.

“முகாமுக்கே நான்தான் வாய்!”

மைனே எழுந்து வெளியே போனாள். சற்று நேரத்தில் எங்கள் தலைக்குமேல் கூடாரத்தின் தோல் விலகியது. ப்ரோகோபியின் கோப்பைக்குள் பனி விழுந்தது.

“ஏய், என்ன பண்றே?”

“பிரிக்கிறேன் மச்சான். ருஷ்யக்காரி கூடாரத்துல நீங்க உக்காந்தா உங்களுக்குத்தானே கேவலம்?”

எங்களிடம் கூடாரம் பெண்ணுடையது. கழிகள் அவள் கொண்டுவந்தவை, தோல்கள் அவள் தைத்தவை. அவள் பிரித்தால் எந்த ஆணும் தடுக்க முடியாது.

ப்ரோகோபியின் மனைவி ஓடிவந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் மறுபக்கத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

“உங்க கால்ல இருக்கிற பூட்ஸும் இவ தைச்சதுதான். அதையும் கழட்டுங்க!”

“எழுதுங்க பெரியவரே! நெனெத்ஸ்னே எழுதித் தொலைங்க!” என்று கத்தினான் ப்ரோகோபி.

“நீ சொல்லி எழுத முடியாதுப்பா.”

மேலே திறந்த இடைவெளியில் மைனேயின் முகம் தெரிந்தது.

“நெனெத்ஸ். விசுவாசின்னும் சேத்துக்கோங்க.”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

“பரவால்ல. எல்லாருக்கும் கேட்டுருச்சு.”

பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு எழுதினேன். தோலைத் திரும்ப ஏற்றும்போது காற்று பிடுங்கியது.

“மச்சான், அந்தக் கயிறு!”

கூடாரம் கட்டுவது பெண்கள் வேலை. ஆண்கள் அருகே வரமாட்டார்கள். ப்ரோகோபி இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். மேய்ச்சலிலிருந்து திரும்பிய மக்சிம் அதைப் பார்த்து, சிரிப்பு தாங்காமல் பனியில் உட்கார்ந்துவிட்டான்.

2003 ஏப்ரல் 6 அன்று முகாம் வடக்கே புறப்பட்டது. ப்ரோகோபியின் வண்டிகளுக்கு அடுத்து மைனேயின் ஒன்பது வண்டிகள், உரத்த பாட்டோடு போயின. எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன்.