எண்பதைத் தாண்டாத வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை எழுதியே விட்டேன் – கிழித்துப் போட்டேன். சாமி படங்களுக்கு பிரேம் போட்டுப் பிழைக்கிறவன் நான். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. என் கதையைப் படித்துவிட்டு யாராவது சாமியைப் பார்த்துச் சிரித்துவிட்டால்...? அந்தப் பயம் ஒன்று. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால்...? அதுதான் பெரிய பயம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பயத்தையும் சேர்த்து மழித்துவிட்டார்கள், ஒரு சலூனில்.

நான் வழக்கமாகப் போகிற கடை பூட்டியிருந்ததால் லாஸ்பேட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வருகிறது, வாங்கலாமா என்று பொதுவாகக் கேட்டார். வண்டியின் பெயரைச் சொன்னார். எனக்குக் காது கூர்மையாகிவிட்டது. என்னிடம் இருப்பது அதே வண்டி.

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்தவர் பதில் சொன்னார். "அதுவா? வேணாம்பா. அறுபதுக்கு மேல போவாது. முத்தியால்பேட்டையில ஒருத்தர் வாங்கிட்டு, கடைசியில தள்ளிக்கினே போனாராம். எவனோ ஒரு மெக்கானிக் வேற கை வெச்சி சுத்தமா கெடுத்துட்டானாம். அதோட அவன் கடையும் போச்சாம்."

"தலைய ஆட்டாதீங்க சார், காது போயிடும்" என்றார் எனக்கு முடி வெட்டியவர்.

ஆடாமல் எப்படி இருக்கும்? அந்த முத்தியால்பேட்டை ஒருத்தர் நான்தானே.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

மிஸ்டு கால் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலம். அந்த வண்டி புதிதாக வந்திருந்தது. முன்னால் பெரிய முகப்பு, தாழ்ந்த ஹேண்டில், நடுவே குதிரை முதுகு மாதிரி ஒரு டேங்க். ஸ்போர்ட் டூரிங் வண்டி என்றார்கள். அதாவது, வேகமாகவும் போகும், நாள் முழுக்கப் போனாலும் அலுக்காது. விளம்பரத்தில் ஒருத்தர் மலைமேல் நிறுத்திவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பனான எனக்கும் அந்த மேகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. எந்த வயதில் எந்த ஆசை வரும் என்று யார் சொல்ல முடியும்?

முருகனிடம் வேண்டிக்கொண்டேன். 'இந்த வண்டி எனக்குக் கிடைத்தால் முதல் தூரப் பயணம் பழனிக்குத்தான். அந்த வண்டியிலேயே வருகிறேன்.'

"பைக்குக்கெல்லாமா வேண்டிக்குவாங்க?" என்றாள் என் மனைவி கௌரி.

"மயில் மேல ஒலகத்தையே சுத்தினவரு. அவருக்குப் புரியும்" என்றேன்.

வண்டி கிடைத்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் முறையாகச் செய்தோம். பிறகு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் வைத்து முடிச்சுப் போட்டேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும் – வேண்டுதல் முடிகிற வரை முடிச்சைப் பூஜை அலமாரியில் வைத்திருந்து, கோவிலுக்குப் போகும்போது உண்டியலில் சேர்ப்போம். கௌரி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். எனக்கோ பக்தி கூடிப் போயிருந்தது. வண்டிக்கான வேண்டுதல் வண்டியில்தானே இருக்க வேண்டும்?

சீட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் ஓரத்தில் யாரோ அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு பொந்து. கைக்குட்டை அளவு துணியை முடிச்சோடு மடித்து அங்கே பத்திரமாகச் செருகினேன். கும்பிட்டேன். சீட்டை மூடினேன்.

அதன் பிறகு அந்த சீட்டை யாரும் தூக்கக் கூடாது என்பது என் சட்டம். கம்பெனி சர்வீஸில் விட்டால் பத்துப் பேர் கை படும். அதனால் எங்கள் தெருமுனை மெக்கானிக் அருள்தாஸிடம் விட்டேன். ஞாயிறு சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்துதான் கடை திறக்கிற மனிதர். எங்கள் வீதியில் பாதி வண்டிகள் அவர் கையில்தான் ஓடின.

"அருளு, எது வேணா கழட்டு. சீட்ட மட்டும் தொடாத. உள்ள முருகனுக்கு முடிஞ்சி வெச்சிருக்கேன்."

"சரிண்ணா" என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

புது வண்டி என்பதால் முதலில் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டினேன். ஒரு மாதம் கழித்து, கௌரியைப் பின்னால் உட்கார வைத்து ஈசிஆரில் விட்டேன். விளம்பரத்தில் சொன்னதை இன்றைக்குப் பார்த்துவிடலாம்... அறுபது, எழுபது, எண்பது. அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி இருமியது. கறுப்பாகப் புகை விட்டு, வேகம் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைச்சாவடி தாண்டும்போது பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு மீன்காரம்மா மொபெட்டில் வந்தார். இருமிக்கொண்டிருந்த என்னை நிதானமாகக் கடந்து போனார்.

"அவங்களும் பழனிக்குத்தான் போறாங்களா?" என்றாள் கௌரி, முதுகுக்குப் பின்னாலிருந்து.

அருள்தாஸிடம் போனேன். ஒரு வாரம் பார்த்தார். கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினார். ஸ்பார்க் பிளக்கை எடுத்து என்னிடம் காட்டினார். கரி பிடித்திருந்தது. "காத்து பத்தலண்ணா. பெட்ரோலு எரியாம நிக்கிது. ஏர் ஃபில்டர பாத்தா தெரியும். அது சீட்டுக்குக் கீழ..."

"அத விட்டுட்டு வேற பாரு" என்றேன்.

பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் பிள்ளைச்சாவடிக்கு அந்தப் பக்கம் போகும்போது எண்பதில் இருமல். இந்த வண்டியில் பழனிக்கு எப்படிப் போவது? போகாததால் முடிச்சு உள்ளேயே இருந்தது. முடிச்சு இருந்ததால்... இருங்கள், அது அப்போது எனக்குத் தெரியாது.

நான்காவது தடவை கோபத்தோடு போய் இறங்கினேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"நல்லா இருந்த வண்டி. உன்கிட்ட வுட்டுத்தான் போச்சு" என்றேன்.

அருள்தாஸ் மெதுவாகச் சொன்னார். "காத்து போற வழியத்தாண்ணா பாக்கணும். நீங்கதான் சீட்ட தொட வேணாம்னு..."

"அப்ப இன்னா, முருகன் அடைச்சிக்கினு நிக்கிறாருன்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அருள்தாஸ் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கழற்றிய ஸ்குருக்களை ஒவ்வொன்றாக மாட்டித் தந்தார். 

அந்தச் சிரிப்பு கடையோடு நிற்கவில்லை. நானும் நிற்க விடவில்லை. டீக்கடையில் சொன்னேன், கோவில் வாசலில் சொன்னேன், பிரேம் போட வந்தவர்களிடம் ஆணி அடித்துக்கொண்டே சொன்னேன். நான் எண்பது என்றுதான் சொன்னேன். ஒரு மாதத்தில் அது எழுபது ஆகி என்னிடமே திரும்பி வந்தது. 'அருள்தாஸ் கை வெச்சா வண்டி போச்சு' என்பதும் வந்தது. அவர் கடை முன்னால் நிற்கிற வண்டிகள் குறைந்தன. ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது. நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு எஞ்சின் பார்க்கப் போய்விட்டார் என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? 'பார்த்தீங்களா?' என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருடம் ஓடியது. "சாமிக்கு இன்னும் எத்தன நாளு பாக்கி வெப்பீங்க? பஸ்ஸுலயாச்சும் போயிட்டு வந்துடலாம்" என்றாள் கௌரி. அதுவும் சரிதான். முடிச்சை எடுக்கக் குளித்துவிட்டு வந்து சீட்டைத் தூக்கினேன்.

முடிச்சைக் காணோம்.

கையை விட்டுத் தேடினேன். கௌரிதான் பார்த்தாள். அந்தக் கறுப்புப் பொந்திலிருந்து விரல்நுனி அளவு மஞ்சள் துணி நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் உள்ளே. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வேகமாக இழுத்தால் கிழியும். வேண்டுதல் துணியைக் கிழிக்கலாமா?

அப்போதுதான் எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. அது வெறும் பொந்து இல்லை. அது வண்டி காற்று இழுக்கிற மூக்கு. ஒரு வருடமாக என் வண்டியின் மூக்கில் நான் துணி அடைத்து வைத்திருந்தேன். அருள்தாஸ் பார்க்க வேண்டும் என்று சொன்னது இதைத்தான்.

"அருள்தாஸ் அண்ணங்கிட்டயே போங்க" என்றாள் கௌரி.

"அவன் மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

"முழிக்க வேணாம். தலைய குனிஞ்சிக்கினு போங்க. நானும் வரேன்."

நோணாங்குப்பத்தில் அவர் தண்ணீரோரம் ஒரு எஞ்சினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கண்ணி" என்றார். என்னை 'வாங்க' என்று சொல்லவில்லை. நியாயம்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கௌரி சீட்டைத் தூக்கிக் காட்டிவிட்டாள். அருள்தாஸ் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பைப்படிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். கிரீஸ் போகவில்லை என்று இன்னொரு தடவை கழுவினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்புறம்தான் அந்தப் பெட்டியைத் திறந்தார். துணி ஒரு நூல்கூடப் பிரியாமல் வெளியே வந்தது. புழுதியில் கறுத்திருந்தது. முடிச்சு அவிழவில்லை, ஒரு ரூபாய் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி கௌரியிடம் கொடுத்தார். அவள் அழுதுவிட்டாள்.

"அன்னிக்கி நீ சீட்ட தூக்கிப் பாத்திருக்கலாமே அருளு. நான் பாக்காதப்ப" என்றேன்.

"தொட வேணாம்னு சொன்னீங்க. சரின்னுட்டேன். அப்புறம் எப்புடிண்ணா தொடறது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது.

ஃபில்டரைத் தட்டி மாட்டிவிட்டு, "போயி ஒரு ரவுண்டு வாங்க" என்றார். கடலூர் ரோட்டில் விட்டேன். எண்பது எப்போது வந்தது என்றே தெரியவில்லை. முள் நூறைத் தாண்டி நடுங்காமல் நின்றது. இருமல் இல்லை, புகை இல்லை. முருகா என்று சத்தமாகச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் சொன்னதால் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"எல்லார்கிட்டயும் நடந்தத சொல்லிடறேன். நீ கடைய தொற அருளு" என்றேன் திரும்பி வந்து.

"வேணாண்ணா. படகு எஞ்சினு நல்லா இருக்குது. டீக்கடையில ஒக்காந்து என்னப் பத்தி பேசாது" என்றார். பிறகு, "சொன்னீங்கன்னா ஒண்ணு. சாமியாலதான் வண்டி ஓடலன்னு சொல்லிடாதீங்க. கேக்கறவங்க உங்க கும்புடற கைய கிண்டல் பண்ணுவாங்க" என்றார்.

யார் யாருக்காகக் கவலைப்படுவது, பாருங்கள்.

பழனிக்கு அந்த வண்டியிலேயே போனோம். முடிச்சைச் சேர்த்தேன். வண்டி எதிர்பார்த்த மாதிரி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். ஓட்டுகிறவனுக்கு, சொன்னதற்கு மேலேயே இருக்கிறது. நாள் முழுக்க ஓட்டியும் எனக்கு முதுகு வலிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்த கௌரியின் விமர்சனம் வேறு. "முன்னாடி சீட்டு டூரிங்கு. பின்னாடி சீட்டு தண்டன." திரும்பி வரும்போது நடுவில் இறங்கி அவள் பஸ்ஸில் வந்தாள். வழி நெடுக நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன், நாற்பதில்.

ஆனால் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேனே, சொன்னேனா? இல்லை. யாராவது கேட்டால், 'ஏதோ சின்ன அடைப்பு, சரியாயிடுச்சு' என்றேன். அடைத்தது யார் என்று சொல்லவில்லை. அருள்தாஸ் பெயரையும் எடுக்கவில்லை. பழி சொல்லும்போது ஊர் முழுக்கப் போன வாய், திருத்தும்போது கடை வாசலைத் தாண்டவில்லை.

அதன் விலையைத்தான் போன ஞாயிறு சலூனில் கேட்டேன். எழுபது இப்போது அறுபதாகிவிட்டது. 'எவனோ ஒரு மெக்கானிக்' ஆகிவிட்டார் அருள்தாஸ். கடை போனது மட்டும் சரியாகச் சொல்கிறார்கள்.

பாதி வெட்டிய தலையோடு நாற்காலியிலிருந்து எழுந்தேன். "அந்த ஒருத்தர் நான்தாங்க" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். நுரை முகக்காரர் நுரை காய்கிற வரை கேட்டார். அந்தத் தம்பி, "அந்த மெக்கானிக் இப்ப எங்க சார் இருக்காரு? வண்டிய அவர்கிட்ட காட்டிட்டு வாங்கலாம்" என்றார். நோணாங்குப்பத்துக்கு வழி சொன்னேன்.

அடுத்த நாள் நானும் போனேன். நடந்ததையெல்லாம் எழுதப் போகிறேன் என்று அருள்தாஸிடம் சொன்னேன். "நேத்து ஒரு பையன் அதே வண்டியோட வந்தான். வந்தவொடனே சீட்ட தூக்கிக் காட்டறான்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ஐந்து வருடமாகியிருந்தது.

கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்து, இதை அச்சடித்து இத்தனை பேருக்குக் கொடுத்தால் நல்லது நடக்கும் என்பார்கள் அல்லவா? நான் நல்லது நடக்கும் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவில், கடையில், சலூனில் நான்கு பேரிடம் இதைச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். முருகன் வண்டியை நிறுத்தினார் என்று ஆக்கிவிடாதீர்கள். வேண்டுதலே வீண் என்றும் ஆக்கிவிடாதீர்கள். துணியை அடைத்தது நான். எடுத்தது அருள்தாஸ், இரண்டு தடவை கை கழுவிவிட்டு.

முக்கியமாக, எண்பது என்றால் எண்பது என்றே சொல்லுங்கள்.