வாசலில் தொங்கிய தீவுச் செடி

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவர் முகமல்ல. வாசல் நிலையில் வேர் மேலாகவும் தலை கீழாகவும் தொங்கிய ஒரு செடி. சாம்பல் நிறத்தில் பதினோரு இலைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், ஓரத்தில் சிவப்புக் கோடு. தினமும் எண்ணிவிட்டுத்தான் கோட்டைக்கு வேலைக்குப் போவேன். ஒன்று உதிர்ந்திருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

அப்போது நான் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்குத் துபாஷியாக, அவர்கள் பேச்சைத் தமிழிலும் நம் பேச்சை அவர்களிடமும் சொல்பவனாக இருந்தேன். கோட்டை வைத்தியர் தெற்கே வெகுதூரத்தில், ஆள் குடியில்லாத ஒரு தீவிலிருந்து அந்தச் செடிகளைக் கொண்டுவந்திருந்தார். ஆறு தொட்டிகள். அவற்றைத் தம் ஊருக்கு அனுப்புவதே அவருடைய ஆசை. ஐப்பசி மழையில் ஐந்து அழுகிவிட்டன. ஆறாவதும் போய்விட்டது என்று மனம் உடைந்து, ஏரியில் எறியச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எறியப் போன என்னை அண்ணி வழியில் பிடித்துக்கொண்டார்.

அண்ணிக்கு அதற்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவது கைக்குழந்தையாக மடியில் இருந்தது. கண்ணேறு படாமலிருக்கக் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டுவது எங்கள் குப்பத்து வழக்கம். இதையும் கற்றாழை என்றே எண்ணி, அழுகலைக் கிள்ளிவிட்டு, வேரில் வலைக்கயிறு கட்டித் தொங்கவிட்டார். இது கற்றாழையல்ல என்றேன். "தொங்குதில்ல, போதும்" என்றார்.

மண்ணும் நீரும் இல்லாமலே தை மாதம் புது இலை விட்டது. பங்குனியில் பூந்தண்டு ஒன்று வளைந்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. வேரருகே ஒரு கன்றும் வந்தது. குழந்தையும் தவழத் தொடங்கினான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கேள்விப்பட்ட அன்றே வைத்தியர் தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் நின்று செடியைக் கேட்டார். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியை மறித்தார்.

"புள்ளைக்குக் காவலா நிக்குது. அத அவுத்துக் குடுத்துட்டு நான் இன்னா பண்றது? முடியாதுன்னு சொல்லு தம்பி."

என் வேலை போகும், அண்ணனின் தோணி போகும் என்று வரிசையாக எண்ணி, அண்ணி சொன்னதில் பாதியைத்தான் வைத்தியரிடம் சொன்னேன். வைத்தியர் அதட்டவில்லை. கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆடுகள் அந்தத் தீவை மொட்டையாக மேய்ந்துவிட்டன, இனி அங்கே இந்தச் செடி ஒன்றுகூட இல்லை என்றார். அதை அண்ணியிடம் முழுதாகச் சொன்னேன்.

அண்ணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு செடியை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ இதுக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கலியா?"

பிறகு தாமே கயிற்றை அவிழ்த்துக் கன்றை மட்டும் பிரித்தெடுத்தார்.

"பெருசு போவட்டும். சின்னது எங்க வீட்டுச் சின்னதோட வளரட்டும். ஆனா கப்பல்லயும் தலைகீழாத்தான் தொங்கணும். தண்ணி ஊத்துனா குடுக்க மாட்டேன்னு சொல்லு."

வைத்தியர் சிரிக்காமல் தலையாட்டினார். மாலுமிகள் கேலி செய்ததையும் பொருட்படுத்தாமல் அப்படியே கட்டினார். இரண்டு மழைக்காலம் கழித்து, அது உயிரோடு ஊர் சேர்ந்ததாகச் செய்தி வந்தது.

இப்போது அண்ணி இல்லை. அவர் மகனுக்கு மீசை நரைத்துவிட்டது. எங்கள் தெருவில் ஒன்பது வாசல்களில் அந்தச் செடி தொங்குகிறது. மழைக்கு முன் ஒன்பதையும் பார்த்துவிட்டு வராமல் எனக்குத் தூக்கம் வராது. இன்று காலை தோணிரேவுக் குப்பத்திலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தி கன்று கேட்டு வந்திருக்கிறாள். அண்ணி மகன் உள்ளே நல்ல கயிறாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.