கல்லூரி அட்டையும் மடங்கிய விரல்களும்

விருதுநகர் ஆஸ்பத்திரி வராந்தாவில், மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்க நானும் மகள் செல்வியும் காத்திருந்தோம். அவள் என் வலது கையைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் லீவு போட்டுக் கூட வந்திருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

உதவித்தொகையை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்ற யாராவது இதைப் படித்தால், நான் செய்ததைச் செய்துவிடாதீர்கள். அதற்காகத்தான் மானத்தை விட்டு எழுதுகிறேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திரி உரசிப் பிடித்துக்கொண்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். காயம் ஆற ஆற அவை உள்ளங்கைப் பக்கம் மடங்கின. தழும்புச் சுருக்கம் (தீக்காயத் தோல் இறுகி மூட்டை இழுத்துக்கொள்வது) என்றார் டாக்டரம்மா. ஸ்பிளிண்ட் (விரலை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி) கட்டி, தினமும் பயிற்சி செய்யச் சொன்னார். கை தேற வாய்ப்பு இருந்ததால் அட்டையை இரண்டு வருடத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

உயிர் போகிற வலி. ஆனால் ஒரு வருடத்தில் டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் வந்துவிட்டன.

"விடாமச் செய்ங்க. பெட்டி ஒட்டுற வேலைக்கே போயிரலாம்" என்றார் டாக்டரம்மா.

அதற்கு முன்பே, உதவித்தொகைக்கு விசாரிக்க வந்தவர், "வீட்ல சம்பாதிக்கிற ஆளு யாரும்மா?" என்று கேட்டிருந்தார்.

"யாருமில்லய்யா. வீட்டுக்காரரு தவறிட்டாரு. மக காலேஜ் படிக்கா."

எழுதிக்கொண்டு போனார். பணம் வந்தது. 'மக படிக்கா' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

அட்டை வாங்கிய இரண்டாம் வருடம் பாதியில் செல்வி வந்து, "எனக்குப் படிப்பு ஏறலம்மா. சிவகாசியில காலண்டர் பிரஸ்ல கம்ப்யூட்டருக்கு ஆள் கேட்டாக, சேர்ந்துட்டேன்" என்றாள்.

வேறு தாயாக இருந்தால் படிப்பு போனதே என்று அழுதிருப்பாள். என் வாயில் முதலில் வந்தது, "அடிப்பாவி, என் பணத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

அன்றிலிருந்து, கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் அவள் தெருவில் இறங்க வேண்டும் என்றேன். பஸ் ஏறியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் மறந்து அப்படியே போய்விட்டாள். பிரஸ்ஸில் அவளுக்குக் 'காலேஜு' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் ஊர் வாயை மூட முடியுமா? பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி சொன்னாள்: "மகளும் சம்பாதிக்கா, கையும் நல்லாயிருச்சுன்னா ஒங்க பேரை அடிச்சு விட்ருவாகக்கா."

மகளை மறைக்க முடியாவிட்டால் கையாவது மோசமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஸ்பிளிண்டைக் கழற்றினேன். பயிற்சியை விட்டேன். செல்வி கேட்டால், "தோலு அரிக்குதுடி" என்பேன். கட்டாமல் இருப்பது சுகமாகவும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐந்து மாதத்தில் இரண்டு விரல்களும் உள்ளங்கையில் போய் ஒட்டிக்கொண்டன. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கிடந்த தாங்கியைச் செல்வி எடுத்துத் தூசி தட்டினாள். என் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அட்டை புதுப்பிக்கப் போன அன்று, பரிசோதனை செய்த டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "நல்லா வந்துக்கிட்டிருந்துச்சே. தாங்கி கட்டுனீகளா?"

"கட்டுனேன்யா."

ஊனச் சதவீதத்தைக் கூட்டிப் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். "மக வேலைக்குப் போகுதாம்ல?" என்றார் அங்கிருந்தவர். செல்வி, "ஆமா சார்" என்று பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

அவர் பார்த்தார். "இது வருமான வரம்புக்குள்ளதாம்மா இருக்கு. பணம் பாட்டுக்கு வரும். முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம்ல?"

அம்புட்டுதான். உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருக்கலாம். பஸ் ஸ்டாப்பில் கேட்காதீர்கள், அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். நிமிர்ந்த கைக்கு எத்தனை சதவீதம் போட்டிருப்பார்கள் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் செல்வி கேட்டாள்: "ஏம்மா, நான் ஒனக்குச் சோறு போடமாட்டேன்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

இப்போது மறுபடியும் தாங்கி கட்டுகிறேன். ஆள்காட்டி விரல் கொஞ்சம் அசைகிறது. நடுவிரல் அசையவில்லை. திரும்பவும் அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. போன வாரம் பயிற்சி அறையில், புதிதாகக் கை வெந்து வந்திருந்த ஒரு பெண், "வெடியிலயாக்கா?" என்று கேட்டாள்.

எப்போதும் தலையாட்டிவிடுவேன். அன்று முடியவில்லை. "ரெண்டு விரலு வெடியில போச்சுமா. மத்த ரெண்டையும் நாந்தான் மடக்குனேன்."

"எப்பக்கா?" என்றாள்.

வெடி விபத்து நடந்த நாளைக் கேட்டிருந்தால் கிழமையோடு சொல்லியிருப்பேன். இதற்கு எந்த நாளைச் சொல்வது? ஐந்து மாதம், தாங்கியைக் கட்டாமல் விட்ட ஒவ்வொரு காலையும்தான்.